கட்டியை எடுத்தாயிற்று, சோறு எப்போது?

வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து வார்டுக்கு வந்தவரைப் பார்க்க உறவுக்காரர்கள் வருவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கட்டிய முழுசா எடுத்துட்டாங்களா?" படுத்திருப்பவரால் பேச முடியாது. மூச்சு விடக் கழுத்தில் ஒரு குழாய், உணவுக்கு மூக்கில் ஒரு குழாய். சொல்ல நினைப்பதை எழுதிக்காட்ட ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருப்போம். வலி சற்று அடங்கியதும் நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால், அந்த நோட்டில் அவர்கள் எழுதிக்காட்டும் கேள்வி பெரும்பாலும் இதுவாக இருக்கும்: "எப்ப சோறு திங்கலாம்?"

மதுரை வட்டாரத்தில் பேச்சு, விழுங்கல் பயிற்சியாளராக இருக்கிறேன். தாடை, நாக்கு, கன்னம் என்று வாயின் ஏதோ ஒரு பகுதியை இழந்தவர்களோடுதான் என் வேலைநாள் கழிகிறது. அந்த நோட்டுக் கேள்விக்குப் பதில் தேடித் தருவதும் புற்றுநோய் சிகிச்சைதான் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். கட்டியை அகற்றி உயிரைக் காப்பது முதல் கடமை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. பிழைத்தவர் அந்த வாயால் உண்ணவும் பேசவும் வழி செய்வது அடுத்த கடமை. முதல் கடமையை நம் மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டங்களும் பொறுப்பேற்றுச் செய்கின்றன. இரண்டாவது கடமை நிறைவேறுவது ஊரையும் மருத்துவமனையையும் குடும்பத்தின் கையிருப்பையும் பொறுத்தே இருக்கிறது. இந்த நிலை மாற வேண்டும்.

அதக்கிய இடத்தில் வரும் புற்று

உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை தந்த மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் உதடு, வாய்ப் புற்றுநோய்க்கு ஆளானவர்கள் ஏறத்தாழ 1.43 லட்சம் பேர். அதே ஆண்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர். நம் நாட்டு ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். இறந்தவர்களைப் பற்றியும், வராமல் தடுப்பதைப் பற்றியும் பத்திரிகைகளில் அடிக்கடி எழுதப்படுகிறது. எழுதவும் வேண்டும். பிழைத்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

மேலை நாடுகளில் வாய்ப் புற்று நாக்கிலும் நாக்குக்கு அடியிலும் அதிகம் வருகிறது. நம் நாட்டில் கன்னத்தின் உட்புறத்திலும் கீழ் ஈற்றிலும் அதிகம் வருகிறது. வெற்றிலையையும் பாக்கையும் புகையிலையையும் மணிக்கணக்கில் அதக்கி வைக்கும் இடம் அது. புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கும், ஏன், வெறும் பாக்குமே புற்றுநோயை உண்டாக்கும் என்று அந்த முகமை 2004இல் தன் ஆய்வறிக்கையில் வெளியிட்டுவிட்டது.

கன்னத்தில் தொடங்கும் புற்று பக்கத்திலிருக்கும் தாடை எலும்பையும் வெளித்தோலையும் எட்டிவிடும். முற்றிய நிலையில் வந்தால் கன்னம், ஈறு, பல்வரிசை, தாடையின் ஒரு பக்கம் எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருக்கும். சோழவந்தான் பக்கத்துக் கொடிக்கால்களில் வெற்றிலை கிள்ளியே காலம் கழித்த ஓர் அம்மா, அறுவைக்கு முந்தின நாள் என்னிடம் கேட்டார்: "தாயி, மொகம் பழையபடி வருமா, சோறு பழையபடி வருமா? ரெண்டுல ஒண்ணுதான்னா சோறு வரட்டும்." இவர்களுக்கு எது முக்கியம் என்று நாம் ஊகிக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும், சொல்லிவிடுவார்கள்.

மார்பிலிருந்தும் காலிலிருந்தும்

எடுத்த இடத்தைத் திறந்தபடி விட முடியாது. உடம்பின் வேறு இடத்திலிருந்து தோலும் தசையும் கொண்டுவந்து அடைக்க வேண்டும். நெரிசல் மிகுந்த நம் மருத்துவமனைகளில் அதிகம் கைகொடுப்பது மார்புத் தசை. அமெரிக்க மருத்துவர் ஸ்டீபன் ஆரியன் 1979இல் விவரித்த முறை இது. மார்பின் தோலையும் தசையையும் ரத்தக்குழாய் அறுபடாமல் கழுத்து வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து வாயில் தைப்பார்கள். நுண்ணோக்கி வேண்டாம், நேரமும் குறைவு, நம்பகமான முறை. எத்தனையோ குடும்பங்கள் இதனால் தங்கள் மனிதரைத் திரும்பப் பெற்றிருக்கின்றன.

ஆனால் அதில் எலும்பு இல்லை. தாடையின் ஒரு பக்கம் போய்விட்டால் மிச்சத் தாடை அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொள்ளும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்காது, மெல்ல முடியாது. வைத்துத் தைத்த சதை பருமனாக இருந்தால் நாக்கு அசைய இடமிருக்காது. ஆண்களில் சிலருக்கு அந்தச் சதையில் மார்பு முடி வளர்ந்து வாய்க்குள் குத்தும். இதைச் சொல்ல வெட்கப்பட்டு மாதக்கணக்கில் சோற்றோடு முடியையும் சகித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. கதிர்வீச்சு கொடுத்தபின் பெரும்பாலும் அந்த முடி உதிர்ந்துவிடும். உதிராவிட்டாலும் அகற்ற வழி உண்டு.

எலும்புக்கு எலும்பே வைக்கும் முறையும் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறமாக இருக்கும் மெல்லிய எலும்பை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, தாடையின் வளைவுக்கு ஏற்றபடி துண்டு செய்து, டைட்டானியம் தகட்டால் பிணைத்துப் பொருத்துவார்கள். பிறகு அதன் ரத்தக்குழாயைக் கழுத்தின் ரத்தக்குழாயோடு நுண்ணோக்கியின் கீழ் இணைப்பார்கள். அந்தக் குழாயின் அகலம் இரண்டு, மூன்று மில்லிமீட்டர். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. புற்றை அகற்றுவதும் இதுவும் சேர்ந்து 8 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். "கால் எலும்ப எடுத்தா நொண்டியாயிருவேனா?" என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். உடல் எடையைத் தாங்குவது பக்கத்திலிருக்கும் பெரிய எலும்பு. முழங்காலையும் கணுக்காலையும் பிடித்திருக்கும் பகுதிகளை விட்டுவிட்டு நடுப்பகுதியைத்தான் எடுக்கிறார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பின்னால் அந்த எலும்பிலேயே பல்லும் பதிக்கலாம். நாக்கில் பாதி போனவர்களுக்கு முன்கையின் மெல்லிய தோலை எடுத்து, அசையும்படி நாக்கு அமைக்கிறார்கள்.

கால் எலும்பு முறையை நியூயார்க்கில் டேவிட் ஹிடால்கோ தாடைக்குப் பயன்படுத்தி 1989இல் வெளியிட்டார். முன்கைத் தோல் முறையைச் சீன மருத்துவர்கள் 1981இல் உலகுக்குச் சொன்னார்கள். புதுமை என்று தள்ளிவைக்கும் வயதை இரண்டுமே கடந்துவிட்டன. எல்லோருக்கும் கால் எலும்பு வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வயது, சர்க்கரை, காலின் ரத்த ஓட்டம், நோயின் அளவு எல்லாவற்றையும் பார்த்து அறுவை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது அது. என்னென்ன வழிகள் உண்டு, இங்கே எது முடியும், எந்த ஊரில் மற்றது முடியும் என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முன்பே எடுக்க வேண்டிய அச்சு

மேல்தாடையில் புற்று வந்தவர்களுக்குச் சிக்கல் வேறு வகை. மேல்வாயை எடுத்தால் வாய்க்கும் மூக்குக்கும் இடையே துளை விழும். குடித்த தண்ணீர் மூக்கில் வரும். பேச்சு முழுக்க மூக்கால் வரும், வீட்டாருக்கே புரியாது. அந்தத் துளையை அடைக்க, பல்செட் போல அக்ரிலிக்கில் ஒரு தகடு செய்து மாட்டலாம். மாட்டிய அந்த நிமிடத்தில் தண்ணீர் மூக்கில் வருவது நிற்கும், பேச்சு தெளியும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ரோய்ஸ் பாரே 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தகைய அடைப்பான்களை விவரித்திருக்கிறார்.

அந்தத் தகடு நன்றாகப் பொருந்துவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்டின் வாழ்க்கையே சாட்சி. 1923இல் அவருடைய மேல்தாடைப் புற்றுக்கு அறுவை செய்த வியன்னா மருத்துவர் ஹான்ஸ் பிக்லர் செயற்கை மேல்வாய் ஒன்றைப் பொருத்தினார். ஃபிராய்ட் அதன்பின் 16 ஆண்டுகள் வாழ்ந்தார், எழுதினார், நோயாளிகளைப் பார்த்தார். ஆனால் அந்தத் தகடு உறுத்தியது, மாட்டவும் கழற்றவும் பெரும்பாடாக இருந்தது. வீட்டில் அதற்கு அரக்கன் என்றே பெயர். அதை மாட்டிக்கழற்ற மகள் ஆன்னா துணையிருந்தார். தகடு இல்லாமல் இருக்கவும் முடியாது, இருந்தாலும் வேதனை. முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகளுக்கு இடையில் அந்தத் தகட்டைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். ஒரு முறை செய்து கொடுத்துவிட்டுக் கைகழுவும் பொருள் அன்று அது.

இதில் தவறவே கூடாத ஒன்று உண்டு. தகட்டுக்கான முதல் அச்சை அறுவைக்கு முன்பே எடுக்க வேண்டும். மேல்வாய் முழுதாக இருக்கும்போது பல் மருத்துவர் அச்சு எடுத்துவிட்டால், அறுவை அரங்கிலேயே ஒரு தற்காலிகத் தகட்டைப் பொருத்திவிடலாம். நோயாளி கண் விழிக்கும்போதே அவருக்கு மேல்வாய் இருக்கும். அச்சு எடுக்காமல் அறுத்துவிட்டால், பழைய மேல்வாயின் வடிவத்துக்குச் சாட்சியே இல்லை. ஒரு மருத்துவமனையில் அப்படி யாரும் பல் மருத்துவரை அழைக்காமலே அறுவை முடிந்து, மாதங்கள் கழித்து என்னிடம் வந்த ஓர் அண்ணன், மூக்கைக் கையால் பொத்திக்கொண்டுதான் பேசினார். காபி குடிப்பதைக்கூட அவர் விட்டுவிட்டிருந்தார்.

ரசம் சோறு ஏன் ஆகாது

உடம்பு சரியில்லாதவருக்கு நம் வீடுகளில் முதலில் தருவது ரசம் சோறு. வாய் அறுவை ஆனவருக்கு அதுதான் கடினமான உணவு. ரசம் சட்டென்று ஓடும், பருக்கை நின்றுவிடும். ஒன்றை அடக்க நாக்குக்குத் தெம்பு இல்லாதபோது இரண்டையும் ஒரே வாயில் சமாளிக்க முடியாது. வெறும் தண்ணீரும் அப்படியே. வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். திரும்பத் திரும்ப அப்படி இறங்கினால் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரும். புற்றிலிருந்து பிழைத்தவரை அது கொண்டுபோய்விடவும் கூடும்.

முதலில் கெட்டியான, கட்டியில்லாத உணவு: கேப்பைக் கூழ், ரவைக் கஞ்சி, குழைய மசித்த பருப்புச் சோறு. ஒரு நேரத்துக்குச் சிறு கரண்டி அளவு. நாக்கால் பின்னே தள்ள முடியாதவருக்கு நீளக் காம்புக் கரண்டியால் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். வெட்டுப்படாத பக்கமாகத் தலையைச் சற்றுச் சாய்த்தால் உணவு அந்தப் பக்கமாக இறங்கும். சிலருக்கு, "மூச்சைப் பிடிங்க, முழுங்குங்க, உடனே இருமுங்க, திரும்ப முழுங்குங்க" என்று சொல்லிக்கொடுப்போம். மூச்சைப் பிடிக்கும்போது மூச்சுப்பாதை மூடிக்கொள்ளும். தப்பித்து ஒட்டியிருக்கும் துளியை இருமல் வெளியே தள்ளும். யாருக்கு எது பொருந்தும் என்று பரிசோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் பார்த்துப் பழகிக்கொள்ளக் கூடாது.

கீழ்த்தாடையோடு அதன் உணர்வு நரம்பும் போனவர்களுக்குக் கீழுதட்டில் உணர்ச்சி இருக்காது. பருக்கை ஒட்டியிருப்பதும் எச்சில் வழிவதும் அவர்களுக்கே தெரியாது. யாராவது பார்க்கும் பார்வையில்தான் தெரிந்துகொள்வார்கள். அதனால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்பிவிடுகிறார்கள். சிறு கண்ணாடியை முன்னால் வைத்து, ஒவ்வொரு வாய்க்கும் துடைத்துப் பழகச் சொல்கிறேன். பழகியபின் வீட்டாரோடு, பிறகு ஒரு விருந்தாளியோடு, பிறகு பந்தியில். இதுவும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

மூன்று விரல்

அறுவைக்குப் பின் பலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும். நம் மக்கள் 'கரண்டு வைக்கிறது' என்று சொல்வார்கள். காயம் ஆறியதும், வழக்கமாக ஆறு வாரங்களுக்குள் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம் போல நடக்கும். அதில் தசை இறுகும், எச்சில் வற்றும். பாக்கு மென்று ஏற்கெனவே வாய் சுருங்கியவர்களுக்கு இது இரட்டைச் சுமை. வாய் திறப்பு 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை வாய்ப்பூட்டு என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். வீட்டில் அளக்கச் சுலபமான வழி, உங்கள் மூன்று விரலை நெடுக்காக வாய்க்குள் விட்டுப் பார்ப்பது. மூன்று போனால் நல்லது. இரண்டோடு நின்றால் உடனே வர வேண்டும்.

இதற்கு விலை கூடிய கருவி கட்டாயமில்லை. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போகும் எளிய பயிற்சி இருக்கிறது. கதிர்வீச்சு நடக்கும் நாட்களிலும், முடிந்து மாதங்கள் ஆன பின்னும் நிறுத்தக் கூடாது. தசை இறுகுவது நிற்பதில்லை. பல்லையும் கதிர்வீச்சுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கெட்டுப்போன பல்லை முன்னதாக எடுத்துப் புண்ணை ஆறவிட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகிவிடும் அபாயம் உண்டு.

பேச்சுக்கு வருவோம். ட, ண, ள, ழ சொல்ல நாக்கு நுனி மேலே வளைய வேண்டும். க சொல்ல நாக்கின் பின்பகுதி எழும்ப வேண்டும். நாக்கு குட்டையானவருக்கு மேல்வாயைத் தாழ்த்தித் தரும் தகடு ஒன்று இருக்கிறது. எட்டாத இடம் எட்டும் தூரத்துக்கு வரும். பூ மண்டியில் விலை கூறிப் பிழைத்த ஒருவர், "அம்பது"க்கும் "எம்பது"க்கும் வித்தியாசம் கேட்கும்படி பேசப் பழகிய பிறகுதான் வேலைக்குத் திரும்பினார். அவருடைய சிகிச்சை முடிந்தது அன்றைக்குத்தான் என்று நான் சொல்வேன்.

அரசு செய்ய வேண்டியவை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவுகிறது. இந்தத் திட்டம் இல்லாவிட்டால் என்னிடம் வருகிறவர்களில் பலர் அறுவை மேசையையே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அறுவைக்குப் பின்னான பயிற்சி, தகடு, பல் ஆகியவற்றுக்கு அவர்கள் கைக்காசைச் செலவழிப்பதையே காண்கிறேன். ஒரு முறை பயிற்சிக்கு வந்துபோனால் நோயாளியின் கூலியும் கூட வருபவரின் கூலியும் போகும். அதனால் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அறுவைக்கான தொகுப்புத் தொகையிலேயே விழுங்கல் பயிற்சியும், செயற்கை மேல்வாயும், அதைத் திருத்திக்கொள்ளும் செலவும் அடங்க வேண்டும்.

வாய்ப் புற்றுக்கு அறுவை நடக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், அறுவையைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர், பல் மருத்துவர், விழுங்கல் பயிற்சியாளர் மூவரும் உட்கார வேண்டும். அதற்குத் தேவையான பணியிடங்களை உருவாக்க வேண்டும். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் தகடு செய்யும் துறைகளை மற்ற மாவட்ட மருத்துவமனைகளோடு இணைக்கலாம்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் நோய்த் தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அப்படி வீடு தேடிப் போகிறவர்களுக்கு வாய்த் திறப்பை அளக்கவும், குச்சிப் பயிற்சியைக் கண்காணிக்கவும், இருமலோடு சாப்பிடுகிறவரை அடையாளம் காணவும் குறுகிய பயிற்சி கொடுத்தால் போதும். ஆட்களும் இருக்கிறார்கள், வண்டியும் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, உறுப்பு பாதிப்பால் வரும் நிரந்தரப் பேச்சுக் குறைபாட்டையும் ஊனமாக ஏற்கிறது. குரல்வளை அகற்றப்பட்டவர்களை அது உதாரணமாகவே குறிப்பிடுகிறது. நாக்கையும் தாடையையும் இழந்து பேச்சு குன்றியவர்களும் அந்த வரையறைக்குள் வருபவர்களே. அவர்களுக்குச் சான்றிதழ் பெறும் வழியை மருத்துவமனையே காட்டி அனுப்ப வேண்டும்.

குடும்பத்தாருக்கு

உங்கள் வீட்டில் ஒருவருக்கு வாய்ப் புற்று அறுவைக்கு நாள் குறித்திருந்தால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். எடுத்த இடத்தில் எதை வைத்துத் தைப்பீர்கள்? பல் மருத்துவர் முன்பே பார்த்து அச்சு எடுக்க வேண்டுமா? மூக்குக் குழாயை எடுத்தபின் சாப்பிடப் பழக்குவது யார்? வாய் திறக்கும் பயிற்சியை எந்த நாளில் தொடங்கலாம்? நல்ல மருத்துவர் யாரும் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். கேட்கும் குடும்பத்தை அவர் மதிப்பார். கேள்வியை அறுவைக்கு முன்பே கேளுங்கள். பின்னால் கேட்டால் இவற்றில் சிலவற்றுக்கு யாராலும் உதவ முடியாமல் போய்விடும்.